அடகுக்குப் போன வளையல்கள்



பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்துவிட்டால் நம் மலையடிவார ஊர்களில் வேறு பேச்சுக்கு இடமில்லை. சிலமலையிலும் இராசிங்காபுரத்திலும் போடிநாயக்கனூர்த் தெருக்களிலும் திண்ணைக்குத் திண்ணை ஒரே ஆராய்ச்சிதான். பிள்ளையைப் பொறியியலில் சேர்ப்பதா, எந்தப் பிரிவை எடுப்பது, எந்தக் கல்லூரி, பணத்துக்கு என்ன வழி? விடியுமுன் ஜீப்பில் ஏறி மெட்டுக்கு மேலே ஏலக்காய் எடுக்கச் செல்லும் தாய்மாரும் இதையே பேசிச் செல்கின்றனர். சொந்தமாய் ஏலத்தோட்டம் வைத்திருப்போரும் இதையே பேசுகின்றனர். இறுதியில் பேச்சு வந்து நிற்கும் இடம் பெரும்பாலும் ஒன்றே. அது வீட்டுப் பெண்களின் கழுத்திலும் கையிலும் கிடக்கும் பொன்.

இத்திங்களில் அந்தப் பொன்னைப் பற்றியே உங்களோடு உரையாட விரும்புகின்றோம். ஒரு பிள்ளை பொறியாளனாவதற்கு யார் யார் எதை எதைக் கொடுக்கின்றனர்? கொடுத்தவர்களுக்கு அவன் பட்டிருக்கும் கடன் யாது? கொடுக்கும் பொறுப்பு வீட்டில் யார் தலைமேல் விழுகின்றது? இவற்றுக்கு விடை காண, நம் நாட்டில் பொறியியல் கல்வி இளமையோடிருந்த காலத்துக்கு, அதாவது 1940 முதல் 1963 வரையிலான ஆண்டுகளுக்குச் சற்றே சென்று வருவோம்.

மலைக்கு வந்த புதுமைகள்

தொழில்நுட்பம் என்றவுடன் இற்றை இளைஞர் கணிப்பொறியையே நினைக்கின்றனர். நம் பாட்டன்மார் கண்ட புதுமைகள் வேறு. 1895இல் கர்னல் பென்னிகுவிக் கட்டி முடித்த பெரியாற்று அணை, மேற்கே ஓடி அரபிக்கடலில் கலந்துகொண்டிருந்த நீரை, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திருப்பிற்று. கம்பம் பள்ளத்தாக்கு பசுமை கண்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், மூணாற்றுத் தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷன் உச்சியிலிருந்து கம்பிவடத்தில் தொங்கியவாறு கோட்டகுடிப் பக்கம் இறங்கின. அங்கிருந்து போடி வழியே தூத்துக்குடித் துறைமுகத்தை அடைந்தன. 1928இல் மதுரையிலிருந்து போடிக்குப் புகைவண்டி வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது அத்தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. போர் முடிந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னரே அவை மீண்டும் இடப்பட்டன.

பெரியாற்று நீர் அறுபது ஆண்டுகளுக்கு மேல் வயலுக்கு மட்டுமே பயன்பட்டது. அந்நீர் மலையிலிருந்து விழும் வேகத்தைக் கொண்டு மின்சாரம் எடுக்கும் திட்டம் 1950களில்தான் கைகூடிற்று. 1958 முதல் கூடலூரை அடுத்த லோயர் கேம்பில் மின்னாக்கிகள் சுழலத் தொடங்கின. இரும்புக் குழாய்களில் பாய்ந்திறங்கும் நீர் சக்கரத்தைச் சுழற்றுகின்றது. சக்கரத்தோடு பிணைந்த மின்னாக்கி மின்சாரத்தைப் பிறப்பிக்கின்றது. வேலையை முடித்த நீரோ வழக்கம்போல் வயலுக்குப் போய்ச் சேர்கின்றது. நீலகிரியில் பைக்காராவும் (1932), பொதிகை மலையடியில் பாபநாசமும் (1944) முன்னரே இவ்வழியில் ஒளி தந்திருந்தன. மண்ணெண்ணெய் விளக்கின் அடியில் படித்த சிறுவன் மின்விளக்கின் அடியில் படிக்கத் தொடங்கியபோது, “இதை யார் செய்தார்? நானும் செய்ய இயலுமா?” என்ற வேட்கை அவனுள் எழுந்தது இயல்பே.

அவ்வேட்கைக்கு வழி மிகக் குறுகலாய் இருந்தது. 1794இல் எட்டே மாணவரோடு சென்னையில் தொடங்கிய நில அளவைப் பள்ளி, 1859இல் பொறியியல் கல்வி நிலையமாய் உயர்ந்து, 1920இல் கிண்டிக்கு இடம் பெயர்ந்தது. 1945இல் கோயம்புத்தூரிலும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பொறியியல் வகுப்புகள் தோன்றும்வரை, தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்குப் பெரிதும் கிண்டியே புகலிடம். பின்னர்க் கோவையில் பூ.சா.கோ. கல்லூரி 1951இலும், காரைக்குடியில் அழகப்பர் கல்லூரி 1952இலும், மதுரையில் தியாகராசர் கல்லூரி 1957இலும் பிறந்தன. அதுவரை நம் பகுதிப் பிள்ளையொருவன் பொறியியல் படிக்க விரும்பினால், வீட்டையும் மலையையும் விட்டு நெடுந்தொலைவு செல்ல வேண்டியிருந்தது.

வரைபலகையும் நழுவுகோலும்

அக்கால மாணவரின் வாழ்க்கை எவ்வாறிருந்தது? முதலாண்டில் அவர்கள் பெரும்பாலும் தொழிற்கூடத்தில் நின்றனர். தச்சுப் பட்டறையில் மரம் இழைக்க வேண்டும். கொல்லுலையில் இரும்பைக் காய்ச்சி அடிக்க வேண்டும். அரத்தால் இராவி ஓர் இரும்புத் துண்டைத் துல்லியமான சதுரமாக்க வேண்டும். படித்த வீட்டுப் பிள்ளைகளின் மென்மையான கைகள் கொப்புளம் கண்டன. கையால் உழைப்பது தாழ்வென்று எண்ணி வளர்ந்த சமுதாயத்தில் அக்கொப்புளங்கள் நல்லதொரு பாடத்தைக் கற்பித்தன எனலாம். நில அளவைப் பயிற்சிக்கு வெயிலில் சங்கிலியும் கோணமானியும் சுமந்து நாள் முழுவதும் நடந்தனர்.

மாலையில் வரைபலகை. பெரிய மரப்பலகையில் தாளை விரித்துப் பொருத்தி, டீ வடிவக் கோலை நகர்த்தி, எந்திரத்தின் ஒவ்வோர் உறுப்பையும் மூன்று பக்கங்களிலிருந்து பார்த்தவாறு வரைதல் வேண்டும். ஒரு துளி மை சிந்தினால் ஒரு வார உழைப்பு வீண். மையால் தீட்டி முடித்த படத்தை இரும்பு உப்புகள் பூசிய தாளின்மேல் வைத்து ஒளியில் காட்டி, நீரில் அலசினால், நீலத் தாளில் வெண்கோடுகளாய்ப் படி கிடைக்கும். திட்டம் எதையும் ‘புளூ பிரிண்ட்’ என்று சொல்கின்றோமே, அச்சொல் பிறந்த கதை இதுதான்.

ஒவ்வொருவர் கையிலும் ‘ஸ்லைடு ரூல்’ என்ற நழுவுகோல் இருக்கும். ஒன்றன்மேல் ஒன்று நழுவும் இரு அளவுகோல்களே அது. மடக்கை முறையில் எண்கள் அதில் பொறிக்கப்பட்டிருப்பதால், நீளங்களைக் கூட்டினால் எண்கள் பெருகும். மேற்கோலின் 1ஐக் கீழ்க்கோலின் 2க்கு நேரே நிறுத்தி, மேற்கோலின் 3க்குக் கீழே பார்த்தால் 6 தெரியும். பாலங்களும் அணைகளும் விமானங்களும் இக்கோலைக் கொண்டே கணக்கிடப்பட்டன. ஆனால் ஒன்றை அது சொல்லாது. விடை 6ஆ, 60ஆ, 600ஆ என்பதை அது காட்டாது. புள்ளியை எங்கே வைப்பது என்பதை மாணவனே தன் அறிவால் தீர்மானிக்க வேண்டும். தான் கட்டும் தூணுக்கு எவ்வளவு பாரம் வரக்கூடும் என்று முன்கூட்டியே ஒரு மதிப்பு மனத்தில் இல்லாதவனுக்கு அக்கோல் பயன்படாது. 1970களில் சட்டைப்பைக்குள் அடங்கும் மின்னணுக் கணக்கி வந்து நழுவுகோலை ஓய்வுக்கு அனுப்பிற்று. எனினும் புள்ளி எங்கே நிற்க வேண்டும் என்னும் உணர்வை எந்தக் கருவியும் நமக்காகச் சுமப்பதில்லை. செயற்கை நுண்ணறிவிடம் விடை கேட்டுப் படிக்கும் இற்றை மாணவரும் இதை எண்ணிப் பார்ப்பது நன்று.

ஒரு தமக்கை கொடுத்தது

அக்காலத்து மாணவருள் ஒருவரை நாம் அனைவரும் அறிவோம். 1931இல் இராமேசுவரத்தில் பிறந்து, 2002இல் நாட்டின் குடியரசுத் தலைவரான டாக்டர் ஆ. ப. ஜெ. அப்துல் கலாம் அவர். தம் மாணவப் பருவத்தை ‘அக்கினிச் சிறகுகள்’ என்னும் தன்வரலாற்றில் அவரே விரிவாய்க் கூறியிருக்கின்றார்.

பொறியியலுக்கு முன்னர்த் திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில் அவர் இயற்பியல் பயின்றார். இயேசு சபையைச் சேர்ந்த அருள்தந்தை செக்குவேரா அங்கே ஆங்கிலம் கற்பித்ததோடு, கலாம் தங்கிய விடுதிக்கும் பொறுப்பாளராய் இருந்தார். மூன்று மாடிக் கட்டடத்தில் ஏறத்தாழ நூறு மாணவர். ஒவ்வோர் இரவும் அத்தந்தை கையில் விவிலியத்தோடு ஒவ்வொருவரையும் சென்று பார்ப்பார். தீபாவளி நாளில், எண்ணெய்க் குளியலுக்கென்று அறை அறையாக நல்லெண்ணெய் வழங்கச் செய்வார். இஸ்லாமிய மாணவர் ஒருவர், கத்தோலிக்கத் துறவி இந்து மாணவர்க்குச் செய்த இச்சிறு உதவியை ஆண்டுகள் பல கடந்தும் நினைவில் வைத்துப் போற்றி எழுதியிருக்கின்றார். நல்லெண்ணெய்க்கு எத்தனை நீண்ட ஆயுள் பாருங்கள்!

பட்டம் பெற்றபின் விமானவியல் படிக்க அவர் விழைந்தார். சென்னையை அடுத்த குரோம்பேட்டையில், சி. இராஜம் என்னும் பெருந்தகை தம் மாளிகையை விற்று 1949இல் நிறுவிய எம்.ஐ.டி. என்ற தொழில்நுட்பக் கல்லூரியில் இடம் கிடைத்தது. விமானம், தானூர்தி, மின்னணுவியல், கருவியியல் என அந்நாளில் இந்தியாவுக்கே புதுமையான நான்கு துறைகளை அக்கல்லூரி கற்பித்தது. இடம் கிடைத்துவிட்டது; கட்டுவதற்குப் பணம் இல்லை. தேவைப்பட்டது ஏறத்தாழ ஆயிரம் ரூபாய். படகு வைத்துப் பிழைத்த தந்தைக்கு அது பெருந்தொகை. அவ்வேளையில் தமக்கை ஜொஹரா முன்வந்தார். தம் பொன்வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துத் தம்பிக்குப் பணம் கொடுத்தார். தம் சம்பாத்தியத்தைக் கொண்டே அவ்வளையல்களை மீட்டுத் தருவதெனத் தம்பி உறுதி பூண்டார். அதற்கு அவர் முன் இருந்த ஒரே வழி, கடுமையாய்ப் படித்து உதவித்தொகை பெறுவது.

அந்தக் கடன் அவரைத் தூங்கவிடவில்லை எனலாம். கல்லூரி வளாகத்தில் பறக்கும் பணியிலிருந்து ஓய்வு பெற்ற இரு விமானங்கள் நிறுத்தப்பட்டிருந்தன. ஏனைய மாணவர் விடுதிக்குச் சென்ற பின்னும் அவற்றின் அருகே நெடுநேரம் அமர்ந்திருப்பாராம். நான்கு தோழரோடு சேர்ந்து தாழப் பறக்கும் போர் விமானம் ஒன்றை வடிவமைக்கும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. பேராசிரியர் சீனிவாசன் வரைபடத்தைப் பார்த்து மனநிறைவு கொள்ளவில்லை. ஒரு மாதத் தவணை கேட்ட மாணவனுக்கு மூன்றே நாள் கொடுத்தார். முடிக்காவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும் என்றார். உதவித்தொகை நின்றால் தமக்கையின் வளையல் என்னாவது? அன்றிரவு கலாம் உணவையும் மறந்து வரைபலகை முன் நின்றார். ஞாயிற்றுக்கிழமை வேலை முடியும் தறுவாயில், டென்னிஸ் உடையோடு நேரே அங்கு வந்த பேராசிரியர், படத்தைப் பார்த்து மாணவனைத் தட்டிக்கொடுத்தார்.

தோல்வியும் அவரை விடவில்லை. விமானி ஆகவேண்டும் என்பதே அவர் கனவு. டேராடூனில் நடந்த விமானப்படைத் தேர்வில் எட்டு இடங்களுக்கு ஒன்பதாமவராய் நின்றார். மனமுடைந்து ரிஷிகேசம் சென்ற அவரைச் சுவாமி சிவானந்தர் தேற்றினார். பின்னர்த் தில்லியில் மாதம் 250 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் அரசுப் பணியேற்றார். விரும்பிய பிரிவு கிடைக்கவில்லை என்று உணவை வெறுத்துக் கிடக்கும் நம் பிள்ளைகளுக்கு, பெற்றோர் இந்த ஒன்பதாம் இடத்தின் கதையைச் சொல்லலாம்.

ஆலயத்தைக் கொடுத்த மீனவர்

கலாமின் கதையில் அடுத்துக் கொடுத்தவர்கள் நம் திருச்சபையைச் சேர்ந்த எளியவர்கள். நம் மலைக்கு மேற்கே, திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாக் கடற்கரையில் அது நிகழ்ந்தது.

பூமியின் காந்த நடுக்கோடு தும்பாவுக்கு மிக அருகே செல்கின்றது. அக்கோட்டின் மேலே, தரையிலிருந்து நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல், வளிமண்டலத்தில் வலிய மின்னோட்டம் ஒன்று பாய்கின்றது. பலூன் அவ்வளவு உயரம் ஏறாது. செயற்கைக்கோளோ அதற்கும் மேலே சுற்றுவது. இடைப்பட்ட அவ்வெளியை ஆராயச் சிறு ராக்கெட்டுகளே வேண்டும். ஆகவே விஞ்ஞானி விக்ரம் சாராபாய் அவ்விடத்தைத் தேர்ந்தார். ஆனால் அங்கே புனித மகதலா மரியாள் ஆலயமும், அதைச் சூழ்ந்து மீனவர் குடியிருப்புகளும் இருந்தன.

ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரேராவிடம் சாராபாய் சென்று கேட்டார். ஆயர் உடனே விடை கூறவில்லை. ஞாயிறு திருப்பலிக்கு வருமாறு அழைத்தார். அங்கே கூடியிருந்த இறைமக்களிடம் அறிவியலின் நோக்கத்தை எடுத்துரைத்து, இறைவனின் இல்லத்தையும் நம் இல்லங்களையும் இதற்காகக் கொடுப்போமா என்று வினவினார். சிறிது நேரம் அமைதி. பின்னர் ‘ஆமென்’ என்ற ஒலி ஆலயத்தை நிறைத்தது. கலாம் தம் உரைகளில் பலமுறை இதை எடுத்துச் சொன்னதுண்டு. மீனவர்க்கு வேறிடத்தில் வீடுகளும் புதிய ஆலயமும் அமைத்துத் தரப்பட்டன.

பழைய ஆலயத்தின் வழிபாட்டுக் கூடம் ஆய்வுக்கூடமாயிற்று. ஆயர் தங்கும் அறை வரைபடம் தயாரிக்கும் இடமாயிற்று. 1963ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள், அமெரிக்காவிலிருந்து வந்த ‘நைக்கி அப்பாச்சி’ ராக்கெட் அக்கட்டடத்திலேயே உறுப்பு உறுப்பாய்ப் பொருத்தப்பட்டது. பொருத்தும் பொறுப்பும் பாதுகாப்புப் பொறுப்பும் கலாமுடையவை. ஏவுதளத்தில் அதைத் தூக்கி நிறுத்தும் வேளையில் பாரந்தூக்கியில் எண்ணெய்க் கசிவு ஏற்பட்டு ராக்கெட் சாயலாயிற்று. பழுது பார்க்க நேரமில்லை. அங்கிருந்தோர் அனைவரும் சேர்ந்து தம் தோள்வலியாலேயே அதைத் தூக்கி வைத்தனர். கொல்லுலையிலும் தொழிற்கூடத்திலும் கையைப் பழக்கிய பொறியாளர்கள் அன்றோ அவர்கள்! அன்று மாலை அந்த ராக்கெட் விண்ணில் எழுந்தது. இந்திய விண்வெளி முயற்சியின் முதற்படி அதுவே. அவ்வாலயக் கட்டடம் இன்று விண்வெளி அருங்காட்சியகமாய் விளங்குகின்றது.

தங்கள் பெற்றோர் திருமுழுக்குப் பெற்ற ஆலயத்தை, தாங்கள் மணம் முடித்த பீடத்தைக் கொடுப்பது எளிதன்று. சாராபாயின் பெயரை நாடறியும்; கலாமின் பெயரை உலகறியும். அன்று ‘ஆமென்’ சொன்ன மீனவத் தாய்மாருள் ஒருவர் பெயரையேனும் நாம் அறிவோமா?

முந்நூறு கிராம்

இத்தனை பேரிடம் பெற்றவர் எதைத் திருப்பிக் கொடுத்தார்? 1980இல் எஸ்.எல்.வி.-3 ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளை விண்ணில் நிறுத்தியதும், 1989இல் அக்கினி ஏவுகணை பறந்ததும் நாடு அறிந்தவை. ஆனால் தமக்குப் பேரின்பம் அளித்ததென்று கலாம் மேடைதோறும் சொன்னது வேறொன்று.

அக்கினி ஏவுகணைக்காக எடை குறைந்த, ஆனால் வலிமை மிகுந்த கரிமப் பொருள் ஒன்றை அவரது ஆய்வுக்கூடம் உருவாக்கியிருந்தது. ஐதராபாத்து நிசாம் மருத்துவ நிலையத்தின் எலும்பு மருத்துவர் ஒருவர் அதைக் கையில் எடுத்துப் பார்த்து, அதன் இலேசான எடையைக் கண்டு வியந்தார். உடனே கலாமைத் தம் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். அங்கே இளம்பிள்ளைவாதம் முதலியவற்றால் கால் முடங்கிய சிறுவர் சிறுமியர், மூன்று கிலோவுக்கும் மேற்பட்ட இரும்புத் தாங்கிகளைக் காலில் பூட்டி, இழுத்து இழுத்து நடந்துகொண்டிருந்தனர். மூன்றே வாரங்களில் அதே பொருளைக் கொண்டு 300 கிராம் எடையுள்ள தாங்கிகள் செய்யப்பட்டன. அவற்றை அணிந்த குழந்தைகள் ஓடியாடக் கண்டு பெற்றோர் கண்ணீர் உகுத்தனர்.

தமக்கையின் வளையலும் மீனவரின் ஆலயமும் போய்ச் சேரவேண்டிய இடம் அதுதான் என்று நமக்குத் தோன்றுகின்றது. கடன் கொடுத்தவர்க்கே திருப்பித் தரும் கடன் உண்டு. முன்பின் அறியாத ஏழைக்குத் திருப்பித் தரும் கடனும் உண்டு. கல்வியால் வந்த கடன் இரண்டாம் வகையையும் சேர்ந்தது.

வளையல் கொடுத்தவளும் படித்தால்?

இவ்விடத்தில் நம் தாய்மார் ஒரு கேள்வி கேட்கக்கூடும்: “சாமி, கொடுத்தவள் அக்கா, படித்தவன் தம்பி. எப்போதும் இப்படித்தானா?” நியாயமான கேள்வி. விடை சொல்ல, கலாம் கல்லூரி புகுவதற்குப் பத்தாண்டு முன்னர் கிண்டியில் நடந்ததைப் பார்ப்போம்.

1919இல் பிறந்த அ. லலிதா பதினைந்து வயதில் மணமுடிக்கப்பட்டார். பதினெட்டு வயதில், நான்கு மாதக் கைக்குழந்தையோடு கைம்பெண்ணானார். அந்நாளில் அத்தகைய பெண்ணுக்கு வீட்டின் மூலையே விதி. அவருடைய தந்தை சுப்பாராவோ கிண்டியில் மின்பொறியியல் பேராசிரியர். மகளை அதே கல்லூரியில் சேர்க்க முன்வந்தார். கல்லூரித் தலைவர் கே. சி. சாக்கோவும் துணை நின்றார். ஆண்கள் மட்டுமே பயின்ற அக்கல்லூரியில் 1940இல் லலிதா மின்பொறியியலில் சேர்ந்தார். குழந்தையை உறவினர் வளர்த்தனர். அடுத்து லீலாம்மா ஜார்ஜும் பி. கே. திரேசியாவும் கட்டடப் பொறியியலில் சேர்ந்தனர். போரின் காரணமாகப் படிப்புக் காலம் சுருக்கப்பட்டதால் மூவரும் ஒருங்கே பட்டம் பெற்றனர். பட்டச் சான்றிதழில் ‘அவன்’ என்று அச்சிட்டிருந்ததை அடித்து ‘அவள்’ என்று கையால் எழுதிக் கொடுக்க நேர்ந்தது!

லலிதா பின்னர்க் கல்கத்தாவில் பணியாற்றியபோது, பக்ரா நங்கல் அணையின் மின்தொடர் அமைப்புப் பணியில் பங்கேற்றார். 1964இல் நியூயார்க்கில் கூடிய முதலாவது அனைத்துலகப் பெண் பொறியாளர் மாநாட்டிலும் கலந்துகொண்டார். திரேசியா, திருச்சூரை அடுத்த எடத்திருத்தியில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். 1971இல் கேரள அரசின் பொதுப்பணித் துறைத் தலைமைப் பொறியாளராய் உயர்ந்தார். ஒரு தந்தை ஊர்வாய்க்கு அஞ்சாமல் மகளுக்கு வாயிலைத் திறந்ததால், அவ்வாயில் வழியே வேறிரு பெண்களும் நுழைந்தனர்.

நம் இல்லங்களுக்கு

இனி நம் ஊருக்கு வருவோம். அண்ணன் படிக்கத் தங்கை காய் எடுக்கச் செல்லும் வீடுகள் நம்மிடையே இன்னும் உண்டு. அவளும் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றவளே. “இவனை முதலில் கரையேற்றுவோம், இவளுக்கு எப்படியும் கலியாணச் செலவு இருக்கின்றது” என்று பெற்றோர் சொல்கின்றனர். அவள் மறுத்துப் பேசுவதில்லை. பேசாமை அனைத்தும் இசைவென்று கொள்ளலாகாது, பெற்றோரே. தும்பாவில் ஆயர் தம் மக்களிடம் கேட்டபின்னரே எடுத்தார். நீங்கள் உங்கள் மகளிடம் கேட்டீர்களா? ஜொஹரா தாமாகக் கொடுத்தார். அதனாலேயே அப்பொன் ஒளிர்ந்தது. கேளாமல் எடுக்கும் பொன்னுக்கு அவ்வொளி இல்லை.

வழியும் முன்போல் குறுகலன்று. 2012இல் போடிநாயக்கனூரிலேயே அரசுப் பொறியியல் கல்லூரி தொடங்கப்பட்டது; வீட்டிலிருந்தே பேருந்தில் சென்று வரலாம். குடும்பத்தில் முதற் பட்டதாரியாகும் பிள்ளைக்குக் கல்விக்கட்டணச் சலுகையை மாநில அரசு 2010இல் ஏற்படுத்திற்று. அரசுப் பள்ளியில் பயின்றவர்க்குத் தொழிற்கல்வி இடங்களில் 7.5 விழுக்காட்டு ஒதுக்கீடு 2021இல் வந்தது. நான்கு இலட்சம் ரூபாய் வரையிலான வங்கிக் கல்விக்கடனுக்கு நகையோ நிலமோ ஈடு தரவேண்டியதில்லை. ஆகவே அடகுக் கடைக்கு நடக்குமுன் கலந்தாய்வு உதவி மையத்துக்கும் வங்கிக்கும் ஒருமுறை நடந்து பாருங்கள். விவரம் தெரியாதவர் ஞாயிறு திருப்பலிக்குப் பின் பங்கு இல்லத்துக்கு வாருங்கள். படிவங்களை நிரப்ப நம் பங்கின் படித்த இளைஞரைத் துணைக்கு அமர்த்துவோம்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் ஒரு சொல். உங்கள் கட்டணத்துக்குள் யாருடைய பொன் கரைந்திருக்கின்றது என்பதைக் கேட்டறியுங்கள். அதை மறவாதவன் வகுப்பில் உறங்கமாட்டான். காலம் வருமுன் மனமும் தளரமாட்டான். வேலை கிடைத்த முதல் ஆண்டில் வளையலை மீட்டுக் கொடுங்கள். அடுத்த ஆண்டில் தங்கையின் கட்டணத்தை நீங்கள் கட்டுங்கள். அதன்பின், நீங்கள் கற்ற கலையால் இம்மலையடிவாரத்தில் யாருடைய சுமையை மூன்று கிலோவிலிருந்து முந்நூறு கிராமாய்க் குறைக்கலாம் எனச் சிந்தியுங்கள். முதுகில் காய்மூட்டை சுமந்து சரிவில் இறங்கும் பெண்களைத் தினமும் காண்கின்றீர்கள். எடுத்துக்காட்டுக்கு வேறெங்கும் போக வேண்டியதில்லை.

காணிக்கைப் பெட்டியில் இரு சிறு காசுகளை இட்ட ஏழைக் கைம்பெண்ணை ஆண்டவர் கவனித்தார். அடகுக் கடையில் வளையலைக் கழற்றி வைக்கும் தாயையும் தமக்கையையும் அவர் கவனியாதிருப்பாரா? அவர்கள் கொடுத்ததை வீணாக்காத பிள்ளைகளை நம் பங்கில் அவர் எழுப்புவாராக. இவ்வாண்டு படிப்பைத் தொடங்கும் புதல்வர்க்கும் புதல்வியர்க்கும் நம் ஆசி உரியதாகுக.